பாண்டிகசாலைப் பறம்பு சுருங்கிய வரலாறு

1996ஆம் ஆண்டு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில், கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள பாண்டிகசாலைப் பறம்பு ஒரு சிமெண்டு பெஞ்சின் காரணமாக நான்கு அடி சுருங்கியது. அதே வாரத்தில் மிளகின் விலை ஏறியிருந்தது. சுக்கின் விலை சற்றே இறங்கியிருந்தது. கடைவீதியில் ஆட்கள் விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலம் சுருங்கியதை அன்று கவனித்தவர் எவரும் இல்லை. கவனிக்க வழியில்லாத விதத்தில்தான் அது நடந்தது. சுற்றியிருந்த சுவர்களில் ஒன்றும் நகரவில்லை, எதிலும் விரிசல் விழவில்லை, புல் கிழியவில்லை. இடையிலிருந்த தரை மட்டும், ஈரத் துணி காய்ந்து குறுகுவதுபோல, இருந்த அளவிலிருந்து குறைந்துபோயிற்று.

பறம்பு என்றால் அந்த ஊரில் வெற்று நிலம். ஒரு காலத்தில் அங்கே அரிசி மூட்டைகள் அடுக்கிய பெரிய பாண்டிகசாலை இருந்தது. வாரிசுகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கூரை விழுந்தது. வழக்கு முடிவதற்குள் சுவர்களும் விழுந்தன. கடைசியில் நிலம் கார்ப்பரேஷன் வசம் வந்து சேர்ந்தது. மூன்று பக்கமும் சுக்கும் மிளகாயும் நிறைந்த கிடங்குகளின் உயரமான முதுகுகள். நான்காவது பக்கம் காயல், அதற்கப்பால் வெலிங்டன் தீவின் கிரேன்கள். காயலோரம் ஒரு பூவரச மரம். கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த சந்துகளில் ஒற்றை அறை வீடுகள் நெருக்கியடித்து நின்றன. மிளகாய் மூட்டை பிரிக்கும் நாட்களில் சந்து முழுவதும் தும்மும். மூச்சு முட்டியவர்கள் தும்மிக்கொண்டே பறம்புக்கு வருவார்கள். காயல் காற்று முகத்தில் பட்டதும் தும்மல் நிற்கும். பறம்பினால் ஊருக்குக் கிடைத்த நன்மை இவ்வளவுதான். ஆனால் அந்தச் சந்துகளில் குடியிருந்தவர்களுக்கு அது சிறிய நன்மை அல்ல.

அச்சந்துகளில் ஒன்றில் இசக்கிமுத்துவும் அவன் மனைவி மாயம்மாளும் இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சியின் தெருக்களைச் சுத்தம் செய்ய அழைத்து வரப்பட்டவர்களின் மூன்றாம் தலைமுறை அவர்கள். இருவருமே கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தார்கள். ஒரே மகள், பள்ளியில் ஷைலஜா, வீட்டில் பேச்சி. எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் ஏன் என்று கேட்பாள். அவர்கள் வீட்டில் மூவரும் படுத்தால் ஒருவர் கால் மற்றவர் தலையைத் தொடும். அதனால் பேச்சி கண் விழித்திருந்த நேரத்தையெல்லாம் பறம்பிலேயே கழித்தாள். விழுந்த கூரையின் ஓடுகள் அங்கே ஏராளம். ஓர் ஓட்டுச் சில்லைத் தேர்ந்தெடுத்துத் தேய்த்து, பூவரச மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த கெட்டித் தரையில் கட்டங்கள் கீறி, ஒற்றைக் காலில் தாவிக்கொண்டிருப்பாள். கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சாதிப்பதில் அந்தச் சந்தில் அவளுக்கு இணை கிடையாது. சாப்பிட வா என்று தாய் கூப்பிட்டால், "இந்த ஆட்டம் முடியட்டும்மா" என்பது அவளுடைய நிரந்தரப் பதில். 1993ஆம் ஆண்டு மழையில் சந்துக்குள் முழங்கால் ஆழம் தண்ணீர் நின்றது. எலிக்காய்ச்சல் பரவிற்று. அப்போது பேச்சிக்குப் பதினோரு வயது. காய்ச்சல் கண்ட வாரத்திலேயே அவள் இறந்துபோனாள்.

பருவமடையாமல் இறந்த பெண் குழந்தை அவர்கள் வழக்கப்படி கன்னியாகிறாள். அவளுக்கு ஒரு கல் நாட்டி, மஞ்சள் பூசி, சின்னப் பட்டுப் பாவாடை கட்டி, வளையலும் ரிப்பனும் வைத்துக் கும்பிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் இருக்க இடமில்லாமல் அலைவாள். ஒற்றை அறைக்குள் அவளை மறுபடியும் அடைக்க மாயம்மாளுக்கு மனம் வரவில்லை. இசக்கிமுத்து பறம்பின் இடிந்த சுவர் ஒன்றின் அடியிலிருந்து ஒரு செந்நிற வெட்டுக்கல்லைப் பெயர்த்தெடுத்தான். அதைப் பூவரச மரத்தடியில் நாட்டினார்கள். மறுவாரம் மாயம்மாள் விளக்கேற்ற வந்தபோது, மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த கெட்டித் தரையைக் காணவில்லை. மரத்தின் வேரை அலை தொட்டுக்கொண்டிருந்தது. மழையில் காயல் அரித்துக்கொண்டு போய்விட்டது என்று அவள் நினைத்தாள். மகளே போன பிறகு மகள் கீறிய கட்டங்கள் போனதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

1995ஆம் ஆண்டுத் தேர்தலில், பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த வார்டில் ஓமனா என்பவர் கவுன்சிலரானார். தையல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர்; குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். பறம்பில் நான்கு மாடிக் கிடங்கு கட்ட ஒரு கூட்டத்தார் வரைபடத்தோடு அலைந்த சமயத்தில், கார்ப்பரேஷன் கூட்டத்தில் ஓமனா எழுந்து, தம் வார்டில் தும்மல் நிற்கும் இடம் அது ஒன்றுதான் என்று சொன்னார். சிரித்தவர்கள் சிரித்து முடித்த பிறகும் அவர் உட்காரவில்லை. முடிவில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பாண்டிகசாலைப் பறம்பு பாதுகாக்கப்பட்ட திறந்தவெளியாக இருக்கும்; அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது, வண்டி ஏறக் கூடாது, கடை போடக் கூடாது; மனிதர் வரலாம், நடக்கலாம், விளையாடலாம், வந்தபடியே திரும்பிப் போகலாம். குப்பை அள்ளப்பட்டது. ஒரு வேலியும் இரும்புக் கதவும் வந்தன. முதுகுவலியால் வண்டி தள்ள முடியாமலிருந்த இசக்கிமுத்துவைக் காவலாளியாக்கினார்கள். திறப்பு நாளன்று ஓமனா மரத்தடிக் கல்லின் முன்னே சற்று நின்றார். இசக்கிமுத்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"மோளாணோ, அண்ணாச்சி?" என்றார் ஓமனா.

"ஆமா, சேச்சி. ஒரே பிள்ளை."

"இருந்தோட்டே. ஒரு கல்லுதானே. அது அங்கே இருந்தோட்டே."

இருக்கட்டும் என்று அவர் சொன்னதில் கருணையைத் தவிர வேறொன்றும் இல்லை. பின்னர் வந்த துன்பங்களில் பெரும்பாலானவையும் இவ்வாறு கருணையிலிருந்தே வந்தன.

முதல் சில மாதங்கள் பறம்பு ஏறக்குறைய தன் முழு அளவில் இருந்தது. காலையில் கிழவர்கள் சுற்றி நடந்தார்கள். நண்பகலில் சுமைத் தொழிலாளர்கள் புல்லில் படுத்துக் கண்ணயர்ந்தார்கள். மாலையில் பிள்ளைகள் பந்து விரட்டினார்கள். ஒற்றை அறைப் பெண்கள் தலை காயவைத்துக்கொண்டு, வீட்டுக்குள் பேச முடியாததையெல்லாம் அங்கே பேசினார்கள். இவர்களுக்கிடையே வெங்கிடாசலமும் அவருடைய மனைவி சுபாஷிணியும் தினமும் நடக்க வந்தார்கள். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மிளகுத் தரகு செய்யும் குடும்பம். சுபாஷிணிக்கு இதயத்தில் கோளாறு. நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். பாதிச் சுற்றில் மூச்சு வாங்கித் தரையில் உட்கார்ந்துவிடுவார். எழுந்திருக்கக் கணவரும் மாயம்மாளும் கைகொடுக்க வேண்டும். "இங்கே ஒரு பெஞ்சு இருந்தா என்ன குறைஞ்சுபோயிடும்?" என்று ஒரு நாள் சிரித்தபடி சொன்னார். அந்த ஆண்டே சுபாஷிணி இறந்தார். வெங்கிடாசலம் தம் மனைவியின் பெயர் பொறித்த சிமெண்டு பெஞ்சு ஒன்றைச் செய்வித்து, அவர் வழக்கமாக மூச்சு வாங்கி உட்காரும் இடத்திலேயே போட்டார். அந்த வாரத்தில்தான் பறம்பு நான்கு அடி குறைந்தது.

பெஞ்சைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தத்தம் இறந்தவர்களின் நினைவு வந்தது. மட்டாஞ்சேரியில் பல மொழிகளும் பல வழிபாடுகளும் உண்டு; ஆனால் இறந்தவர்கள் இல்லாத வீடு எந்த மொழியிலும் இல்லை. துணி வியாபாரி ஒருவர் தந்தையின் பெயரால் இரண்டு இரும்பு பெஞ்சுகள் போட்டார். படகுத்துறையில் சாயாக்கடை வைத்திருந்த சகோதரர்கள், வைப்பின் தீவிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பிக்காக ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். யாரோ ஒரு சிமெண்டுக் குடை எழுப்பினார்கள். விளையாட்டுச் சங்கம் ஒன்று, காரணம் சொல்லாமல், சுண்ணாம்பில் செய்த புள்ளிமான் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் பறம்பு, அந்தப் பொருள் அடைத்த இடத்தைவிடப் பல மடங்கு குறைந்தது. மானுக்கு ஆறடி போயிற்று. இங்கே எதையும் வைக்கக் கூடாது என்று எழுதிய பெரிய அறிவிப்புப் பலகையைக் கார்ப்பரேஷன் நட்டபோது பதினோரு அடி போயிற்று.

மூன்றாம் ஆண்டில்தான் மக்கள் இதை உணர்ந்தார்கள். காலையில் நடக்கும் கிழவர்கள் ஒரு வம்பைத் தொடங்கி முடிப்பதற்குள் இரண்டு சுற்று ஆகிவிட்டது. பிள்ளைகள் அடித்த பந்து ஒவ்வொரு முறையும் காயலில் விழுந்தது. கார்ப்பரேஷன் ஓவர்சியர் நாடாவோடு வந்து அளந்தார், நாடாவைக் குறை சொன்னார், புதிய நாடா வாங்கி வந்து மறுபடி அளந்தார், பிறகு விடுப்பில் போனார். கிடங்குக்காரர்கள் காணாமற்போன நிலம் தம் பக்கம் சேர்ந்திருக்குமோ என்று ஆவலோடு தம் கிடங்குகளை உள்ளே அளந்து பார்த்தார்கள்; ஒருவர் கிடங்கும் ஒரு விரற்கடை கூடியிருக்கவில்லை. காயலும் முன்னேறவில்லை. குறைந்த நிலம் யாரிடமும் போய்ச் சேரவில்லை. இது தெரிந்த பிறகு ஊரில் அதைப் பற்றிய வியப்பு குறைந்தது. எவருக்கும் லாபமில்லாத ஒன்றைப் பற்றிக் கடைவீதி அதிக நாள் பேசுவதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் ஒரு திருடன். 1999இல், துணி வியாபாரியின் இரும்பு பெஞ்சு ஒன்றை அவன் பட்டப்பகலில், பழுதுபார்க்க எடுத்துப் போவதாகச் சொல்லி, இசக்கிமுத்துவையே ஒரு முனை பிடிக்கச் சொல்லித் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் பறம்பு எட்டடி அகலம் கூடியிருந்தது. இருந்த பெஞ்சுகளில் மற்றொன்றைச் சோதனைக்காக வெளியே எடுத்து வைத்தார்கள், மறுபடியும் கூடியது. பறம்பின் இயல்பு அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று. அது வருகிற காலைப் பொறுத்தது, எத்தனை ஆயிரம் கால் வந்தாலும் பொறுத்தது; வந்தவர் விட்டுச்சென்றதைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. பின்னாளில் அந்தத் திருடன் வேறொரு வழக்கில் பிடிபட்டபோது, ஜாமீனுக்குக் கையெழுத்திட மட்டாஞ்சேரியிலிருந்து இருவர் தாமாகவே போனார்கள்.

முதலில் தம் பெஞ்சை எடுத்தவர் வெங்கிடாசலம். நான்கு சுமைக்காரர்கள் அதைத் தூக்கினார்கள். அவர்களில் மூத்தவர் வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, "என்ன சாமி, இது பெஞ்சா கல்லறையா? கனம் இப்படி இருக்கே!" என்று கேட்டார். "ரெண்டும்தான் சேட்டா, மெதுவாத் தூக்குங்கோ" என்றார் வெங்கிடாசலம். வீட்டில் அது எந்த அறைக்குள்ளும் நுழையவில்லை. சமையலறைக்குப் போகும் இடைவழியில் கிடந்தது. அவர் அதில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தத்தம் இறந்தவர்களைத் திரும்ப அழைத்துச் சென்றார்கள். விளக்குக் கம்பம் சாயாக்கடைக்கு முன்னால் போயிற்று. மானை யாரும் ஏற்கவில்லை. கடைசியில் படகில் ஏறி எங்கோ போனது. அறிவிப்புப் பலகையை ஓமனா தம் கையாலேயே பிடுங்கினார். அதில் எழுதியிருந்ததை அதன் பிறகு எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

ஆயினும் பறம்பு சுருங்குவது நிற்கவில்லை.

மரத்தடிக் கல் இதற்குள் வளர்ந்திருந்தது. சந்தில் பிள்ளையில்லாத பெண் ஒருத்தி கன்னியிடம் வேண்டிக்கொண்டு ஒரு மகளைப் பெற்றாள். மற்றொருத்தியின் கணவன் குடியை நிறுத்தினான். வேண்டுதல்கள் பெருகின. மாயம்மாளின் தம்பி சங்கிலிப்பாண்டி கார்ப்பரேஷனில் மேஸ்திரி. எடுத்த காரியத்தை அரைகுறையாக விடத் தெரியாதவன். முதலில் கல்லுக்கு ஒரு பீடம் கட்டினான். அடுத்த ஆண்டு பீடத்துக்குப் பளபளப்பான ஓடு பதித்தான். பிறகு தகரக் கூரை, பிறகு இரும்புக் கிராதி, பிறகு மணி. மாயம்மாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு போய்க் கல்லின் முகத்தைத் துடைத்து, பாவாடையை மடிப்புக் கலையாமல் கட்டிவிடுவாள். "நம்ம வீட்டைவிட பிள்ளைக்கு வீடு பெருசாயிட்டு, பாத்தீயளா" என்று கணவனிடம் சொன்னாள். மகள் இறந்த பிறகு அவள் சிரித்துச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதனால் இசக்கிமுத்துவும் சிரித்தான்.

அவன்தான் தினமும் கதவைத் திறப்பவன். ஒவ்வொரு பருவத்திலும் பறம்பு எவ்வளவு குறைந்தது என்பதை அவன் கால்கள் அறிந்திருந்தன. மற்றவர்களும் அறிந்திருந்தார்கள். ஆனால் ஒரு தெய்வத்துக்கு முன்னால் நாடாவைப் பிரித்து அளக்க எவருக்கும் துணிவில்லை. பிறர் கும்பிடுவதைப் பற்றிப் பேசாமலிருப்பதுதான் மட்டாஞ்சேரியில் அத்தனை மக்களும் அடுத்தடுத்து வாழக் கற்றுக்கொண்ட வழி. கவுன்சிலர் ஓமனாகூட, பறம்பைப் பற்றிய பேச்சு வந்தால், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். இசக்கிமுத்து மட்டும் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தான்.

"ஏளா, எல்லாரும் அவங்கவங்க சாமானை எடுத்துட்டுப் போயிட்டாவ. இனி நம்மதுதான் இருக்கு."

மாயம்மாள் பாவாடைக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நம்மதுன்னா எது?"

அவன் அவள் மடியிலிருந்த பாவாடையைப் பார்த்தான்.

"அவ என்ன பெஞ்சா?" என்றாள்.

நடந்து பழகியவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றுவிட்டுப் போனார்கள். மிளகாய் மூட்டை பிரிக்கும் நாட்களில் சந்து மறுபடியும் இரவுவரை தும்மிற்று. 2003ஆம் ஆண்டில் பறம்பின் அகலம் ஒரு சந்தின் அகலமாக இருந்தது. இரும்புக் கதவை முழுவதும் திறந்தால் எதிர்ச்சுவரில் இடித்தது. அவ்வாறு இடிக்காமல் கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதித் திறப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதே, ஒரு முற்பகலில் இசக்கிமுத்துவின் உயிர் பிரிந்தது.

காடு சேருமுன் அவனைக் கடைசியாக ஒரு முறை பறம்புக்குள் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று சந்து மக்கள் விரும்பினார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு நால்வர் உள்ளே போனார்கள். கன்னியின் கூரைவரை சென்றார்கள். அங்கே அவர்களால் திரும்ப முடியவில்லை. தலைமாட்டை இப்படியும் கால்மாட்டை அப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கச் சுவரிலும் மூங்கில் உரசியது. முடிவில் வந்த வழியே, முதுகு காட்டியபடி, ஓரடி ஓரடியாகப் பின்னோக்கி நடந்து வெளியே வந்தார்கள். இறந்தவனைப் பின்னோக்கித் தூக்கி வருவதை அந்தச் சந்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சந்து முனையில் நின்ற மாயம்மாள் அந்த மௌனத்தில் மூங்கில் சுவரில் உரசும் ஓசையைக் கேட்டாள்.

காரியங்கள் முடிந்தபின் சங்கிலிப்பாண்டி அக்காளின் முன் வந்து உட்கார்ந்தான். "எக்கா, அத்தானுக்கும் அங்கனயே ஒரு கல்லு வச்சிருவோம். அப்பனும் மவளும் ஒண்ணா இருக்கட்டும். நான் ஜோரா கட்டித் தாரேன்."

"எங்க வைப்பே?"

"பேச்சிக்குப் பக்கத்துல."

"நிக்க இடமிருக்காலே, அங்க?"

"சாமிக்கு எதுக்குக்கா இடம்?"

"சாமிக்கு வேண்டாம். அவருக்கு வேணும்" என்றாள் மாயம்மாள். "திருப்பக்கூட முடியலையே அவரை."

சங்கிலிப்பாண்டி அழுதான். அவள் அழவில்லை.

அந்த வாரத்தில் வெங்கிடாசலம் துக்கம் விசாரிக்க வந்தார். ஒற்றை அறையில் அவரை எங்கே உட்காரவைப்பதென்று தெரியாமல் அவள் தவித்தாள். அதனால் இருவரும் பறம்புக்கே நடந்து போய், இருந்த சிறு தரையில், சுவரில் முதுகு படியும்படி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முழங்கால்கள் ஏறக்குறைய முட்டிக்கொண்டன. மாயம்மாள் கேட்டாள்: "சாமி, பெஞ்சை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீகளே. அம்மாவும் அதுகூட வந்தாகளா?"

வெங்கிடாசலம் யோசித்தார். "வரல்லை, மாயம்மா. பெஞ்சு மட்டும்தான் வந்தது."

"பின்ன அவுக எங்க இருக்காக?"

"நேக்குத் தெரியல்லை. தெரிஞ்சா அங்கே போய் உக்காந்துண்டிருப்பேனே, உங்க கதவை வந்து தட்டுவேனா?" என்று அவர் மெல்லச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முழுசா ஒரு சுத்து நடந்துடணும்னுதான் அவளுக்கு ஆசை. பெஞ்சுங்கறது ஒரு பேச்சுக்குச் சொன்னது. நான் அதைப் போய்ப் பிடிச்சுண்டேன்."

கன்னியின் கூரையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் ஓமனா அவரை அனுப்பியிருந்தார்.

மறுநாள் மாயம்மாள் தம்பியை வரச்சொல்லி, தகரத்தைக் கழற்று என்றாள். அவன் தெய்வக் குற்றம் என்றான், தன் கை அழுகிப்போகும் என்றான், இத்தனை வருட வேலை என்றான். அவள் தானே முட்டுக்கொடுத்து ஏறியதைப் பார்த்ததும் அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறினான். கூரையும் கிராதியும் மணியும் போயின. ஓடுகளை உடையாமல் பெயர்த்து, சந்தின் பொதுக் குழாயடியில் பதித்தார்கள். பீடம் கடைசியாகப் போயிற்று. ஒவ்வொன்று போகும்போதும், நின்றவர்களின் கண்ணெதிரே, சுவர்கள் நகராமலே பறம்பு அகன்றது. ஒரு வாரத்தில் கிழவர்கள் தங்கள் பழைய வம்புகளோடு திரும்பி வந்தார்கள். பந்து காயலில் விழாமல் தரையில் உருண்டது. சுமைக்காரர்கள் கைகால்களை நீட்டிப் படுத்தார்கள். கல் மட்டும் பழையபடி வெறுமையாக மரத்தடியில் இருந்தது. அதை எடுக்கும்படி எவரும் கேட்கவில்லை. ஓவர்சியர் அளந்துவிட்டு, குறைவது ஒரு சிறு துண்டுதான், அது கணக்கில் வராது என்றார்.

அந்தச் சிறு துண்டு எதுவென்பது மாயம்மாளுக்கு மட்டும் தெரியும். எல்லாம் திரும்பிய பிறகும் பூவரசின் வேரை இன்னும் அலைதான் தொட்டுக்கொண்டிருந்தது. காயல் அரித்துக்கொண்டு போகவில்லை என்பதை அவள் அன்றே புரிந்துகொண்டாள். மகளுக்காக வைத்த கல், மகள் ஆடிய தரையை எடுத்துக்கொண்டிருந்தது. புரிந்துகொண்ட பிறகும், ஒரு மழைக்காலம் முழுவதும், அவள் கல்லை அப்படியே வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசினாள். கணவனும் இல்லாத வீட்டிலிருந்து அவள் புறப்பட்டு வர, உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அது. முகம் துடைத்துவிட ஒரு முகம் அதில் இருந்தது.

மழை விட்டபின் வந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, புதுப் பாவாடையோடு அவள் வந்தபோது, மரத்தடியில் மஞ்சுஷா நின்றுகொண்டிருந்தாள். கன்னியிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை அவள்தான். அப்போது அவளுக்கு ஆறு வயது. கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையே கிடைத்த இடத்தில் அவள் நெருக்கி நெருக்கிக் கட்டங்கள் கீறியிருந்தாள். கடைசிக் கட்டத்துக்குத் தரை இல்லை. ஆனாலும் சில்லை எறிந்தாள். அது காயலில் விழுந்தது.

"அம்மச்சி, என் கட்டம் வெள்ளத்துல போயி" என்றாள் மஞ்சுஷா, தண்ணீரைக் காட்டி. "எத்தற எறிஞ்சாலும் வெள்ளத்துலயே போவுது. இந்தக் கல்லை லேசம் மாத்தி வச்சா, அந்தப் பக்கம் வரைக்கலாம். மாத்தட்டா?"

மாயம்மாள் பாவாடையை மடித்து அவளிடம் கொடுத்தாள். "நீ உடுத்துக்கோ" என்றாள். பிறகு முந்தானையால் கல்லின் மஞ்சளை, காதுப்பக்கம் துடைப்பதுபோல, நன்றாகத் துடைத்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இடிந்த சுவரின் அடியில், இசக்கிமுத்து அதைப் பெயர்த்த பள்ளம் அப்படியே இருந்தது; கல் அதில் ஓர் இழையும் பிசகாமல் பொருந்தியது. அடுத்த மழையில் எல்லாக் கல்லின் மேலும் ஒரே பாசி படர்ந்தது. அதற்குப் பிறகு அவற்றில் தன் மகள் எது என்று மாயம்மாளுக்கும் சொல்லத் தெரியவில்லை. சில நாட்கள் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த கெட்டித் தரை அந்த வெள்ளிக்கிழமையே திரும்பி வந்துவிட்டது. அதன்மேல் பேச்சி கீறிய கட்டங்கள், ஓட்டுச் சில்லின் சிவப்புத் தூள்கூட உதிராமல் இருந்தன. எந்த மழைக்கும் அவை அழிவதில்லை. ஓமனாவுக்குப் பிறகு வேறு கவுன்சிலர்கள் வந்தார்கள். பறம்பை அழகுபடுத்த ஆசைப்பட்டார்கள். நிலவரம் விளக்கிச் சொல்லப்பட்டதும், வேறு வார்டுகளை அழகுபடுத்தப் போனார்கள். வெங்கிடாசலம் கைத்தடியோடு தினமும் முழுசாக ஒரு சுற்று நடந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். மாயம்மாள் கார்ப்பரேஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, விரிப்பும் இல்லாமல், காயலோரத் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆட்டத்தில் ஒரு முறை மட்டும் ஆள் இல்லாமல் நடக்கும். அந்த முறை வந்ததும் பிள்ளைகள் கட்டத்தை விட்டு ஒதுங்கிப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஓர் ஓட்டுச் சில்லு தானாக எழுந்து கட்டத்தில் விழும். சிவப்புத் தூள், ஒற்றைக் கால் ஊன்றிய இடங்களில், கட்டம் கட்டமாக அழுந்தும். பிள்ளைகள் வளர்ந்து பள்ளி மாறிப் போவார்கள், அவர்கள் தங்கைகள் வருவார்கள்; அந்தக் கால் மட்டும் பதினோரு வயதைத் தாண்டுவதில்லை. இதைப் பற்றி அங்கே யாரும் விசேஷமாகப் பேசுவதில்லை. வாதம் வருவது கோட்டைப் பற்றி மட்டும்தான்.

"மிதிச்சில்ல, மிதிச்சில்ல! சேச்சி மிதிக்கல!" என்பார்கள் பாதிப் பேர். மற்றவர்கள் மாயம்மாளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மாயம்மாள் கையை ஊன்றிக் குனிந்து, கோட்டின்மேல் தூள் நசுங்கியிருக்கிறதா என்று கூர்ந்து பார்ப்பாள். "மிதிச்சிட்டா" என்பாள். "அவ எப்பவும் இப்படித்தான். போ, அவுட்டு. அடுத்த ஆள் வாங்க."

அடுத்த பிள்ளை சில்லை எடுத்துக்கொண்டு வரும். ஆட்டம் தொடரும்.